மிஞ்சியவர்களின் சுவர்

கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் போகும் ரயிலில் ராய்ஸ்டனைத் தாண்டியதும் அஷ்வெல் அண்ட் மார்டன் என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். ஆன்சைட் வேலைக்காக கேம்பிரிட்ஜில் இருந்த நாட்களில் அந்தப் பெயரை ரயில் அறிவிப்பில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். இறங்கியதில்லை, இறங்கக் காரணமும் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை இறங்கினேன். ஆபீஸில் எனக்குப் பக்கத்தில் உட்காரும், ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்ட ஒரு சீனியர்தான் காரணம். "பழைய கட்டடம்னா பாக்கப் போவியே, அஷ்வெல் சர்ச்ல ஒரு சுவர் இருக்கு. போறப்ப மறக்காம ஒரு டார்ச் எடுத்துட்டுப் போ" என்ற பொருளில் சொல்லியிருந்தார். சர்ச்சுக்குப் பகலில் போக டார்ச் எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு இரண்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் வயல், லேசான ஏற்ற இறக்கம், முகத்தில் அறையும் காற்று. ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடுகிறது. 176 அடி. நம் கணக்கில் பதினேழு மாடிக் கட்டடம். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் பங்குக் கோயில் கோபுரங்களில் இதுதான் உயரம். கீழே அகலமாகத் தொடங்கி, முட்டுச் சுவர்களோடு அடுக்கடுக்காக மேலே போய், உச்சியில் எட்டுப் பட்டையாகி, கடைசியில் ஈயத்தகடு போர்த்திய ஒரு கூர்முனையாக முடிகிறது. இவ்வளவு சின்ன ஊருக்கு இது எதற்கு என்பதுதான் முதலில் தோன்றும் கேள்வி.

ஊர் எப்போதும் இப்படிச் சின்னதாக இருந்ததில்லை என்பதுதான் பதில். வில்லியம் மன்னன் 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே அஷ்வெல் வருகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குச் சொந்தமான ஊர், சந்தை நடக்கும் இடம், 14 நகரக் குடிகள். ஊரின் நடுவே சுண்ணாம்புப் பாறைக்கடியிலிருந்து ஊற்று பொங்குகிறது. ரீ என்ற சின்ன ஆறு அங்கே தொடங்கிப் போய் கேம் ஆற்றில் சேர்கிறது. பெயரிலும் அந்த ஊற்றுதான் இருக்கிறது: ஆஷ் மரங்களும் ஊற்றும் உள்ள இடம். தண்ணீர் இருந்ததால் மக்கள் வந்தார்கள், மக்கள் வந்ததால் சந்தை வந்தது. சந்தையில் புழங்கிய பணம் பதினான்காம் நூற்றாண்டில் இந்தக் கோயிலாக எழுந்தது.

*

ஆங்கிலேய கிராமத்துக் கோயிலைப் புரிந்துகொள்ள 'பங்கு' என்ற சொல் உதவும். நம்மூர் கத்தோலிக்கர்கள் 'பாரிஷ்' என்பதற்குப் பயன்படுத்தும் சொல் அது. பங்குச் சாமியார், பங்குக் கோயில். அந்தச் சொல்லின் இன்னொரு பொருளும் இங்கே பொருந்தும். இடைக்கால இங்கிலாந்தில் ஒவ்வொரு குடியும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குத் தந்தாக வேண்டும். தானியம், கம்பளி, ஆட்டுக்குட்டி எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று. எந்தக் கோயிலுக்குத் தருகிறீர்களோ அதுதான் உங்கள் பங்கு. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான்.

கட்டடத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. கிழக்கே பலிபீடம் இருக்கும் பகுதி குருவானவருடையது. அதன் கூரை ஒழுகினால் அவர்தான் சரிசெய்ய வேண்டும். மேற்கே மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊர்ப்பொறுப்பு, அதன் செலவும் ஊரின் தலையில்தான். ஒரே கட்டடம், இரண்டு ஓனர்கள், இரண்டு பட்ஜெட். பல ஊர்களில் ஒரு பாதி பிரமாதமாகவும் மறுபாதி சுமாராகவும் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு டீம் சேர்ந்து ஒரே கோட்பேஸில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அஷ்வெல்லில் நடுக்கூடம் உயரமாக, வெளிச்சமாக இருக்கிறது. சுவரெல்லாம் வெள்ளை, ஜன்னல்களில் பெரும்பாலும் நிறமில்லாத கண்ணாடி. இந்த வெறுமை பின்னால் வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஒரு கோயிலுக்குள் நுழைந்திருந்தால் எங்கும் நிறம் இருந்திருக்கும். சுவரில் புனிதர்களும் தீர்ப்பு நாளும், ஜன்னலில் வண்ணக் கண்ணாடி, கூடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே மரத் தடுப்பு, அதன் மேல் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து. 1547இல் பட்டத்துக்கு வந்த ஆறாம் எட்வர்ட் காலத்தில் சுவரோவியங்களை நாடு முழுக்கச் சுண்ணாம்படித்து மறைத்தார்கள், சிலைகளை உடைத்தார்கள். இன்று நாம் 'ஆங்கிலக் கோயிலின் அமைதி' என்று ரசிக்கும் வெண்மை, ஒரு அரசாணையின் மிச்சம்.

அழிக்க வந்தவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் அழித்தார்கள். கண்ணில் படாத ஒன்று மட்டும் தப்பியது. டார்ச் அதற்குத்தான்.

*

அஷ்வெல் கோயில் கிளஞ்ச் என்ற கல்லால் கட்டப்பட்டது. அந்த வட்டாரத்தில் மண்ணுக்கடியில் கிடைக்கும் கெட்டியான சுண்ணாம்புக் கல். சாக்பீஸின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டடக் கல்லாகப் பார்த்தால் இது சுமாரான ரகம். மழையும் உறைபனியும் அதைத் தின்றுவிடும். கோபுரத்தின் வெளிப்புறத்தை நூற்றாண்டுக்கு நூற்றாண்டு ஒட்டுப்போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே, மழை படாத இடத்தில், அதே கல் வேறு மாதிரி. ஒரு கத்திமுனை போதும், நகத்தால் சோப்பில் கீறுவதுபோல் கீறிவிடலாம். கீறியது அப்படியே நிற்கும்.

டார்ச்சை நேராகச் சுவரைப் பார்த்துப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் ஒளியை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு கீறலும் தனக்கென்று ஒரு நிழல் போட்டுக்கொண்டு எழுந்து வரும். பெயர்கள், கோலங்கள், இசைவுபடாத கோடுகள். தூணில் ஒருவர் கட்டட வேலையைத் திட்டியிருக்கிறார்: மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, துப்புகிறேன் என்ற பொருளில் அந்த லத்தீனை வாசிக்கிறார்கள். கொத்தனாரோ மேஸ்திரியோ எழுதியிருக்கலாம். நான் வாசித்ததிலேயே பழைய கோட் ரிவ்யூ கமெண்ட் இதுதான். இன்னொருவர் தலைமைக் குருவைக் கழுதை என்கிறார். பக்கத்து ஸீட்காரர் எதற்குச் சிரித்தார் என்று புரிந்தது.

இவற்றை எழுதியவர்களைப் பொறுக்கிகள் என்று நினைத்துவிட வேண்டாம். வயலெட் பிரிட்சர்ட் என்பவர் கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள கோயில்களின் கீறல்களைச் சேகரித்து 1967இல் ஒரு புத்தகமாக்கினார். 2010இல் மேத்யூ சாம்பியன் நார்ஃபோக் மாவட்டத்தில் தன்னார்வலர்களோடு கோயில் கோயிலாக டார்ச் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் கிடைத்தன. கப்பல்கள், காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூக்கள், கைகள், வேண்டுதல்கள். பலவற்றின் மேல் பிற்பாடு வேறு யாரும் கிறுக்கவில்லை, அழிக்கவுமில்லை. சுவரில் கீறுவது இடைக்காலத்தில் குற்றமாகப் பார்க்கப்படவில்லை, அதுவும் ஒருவகைப் பிரார்த்தனையாகவே இருந்தது என்பது அவர் வந்துசேர்ந்த முடிவு. வண்ணம் பூசிய சுவரில் கீறினால் உள்ளிருக்கும் வெள்ளைக் கல் பளிச்சென்று தெரியும். இன்று டார்ச் இல்லாமல் தெரியாதது, அன்று எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

*

நான் பார்க்கப் போன சுவர் கோபுரத்தின் அடித்தளத்தில், வடக்குப் பக்கம் இருக்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய தேவாலயத்தின் கோட்டோவியம் கீறப்பட்டிருக்கிறது. அது லண்டனின் பழைய செயின்ட் பால் கதீட்ரல் என்றே பொதுவாகக் கருதுகிறார்கள். அந்தக் கதீட்ரலின் கூர்முனை 1561இல் இடி விழுந்து எரிந்தது. மிச்சக் கட்டடம் 1666இன் பெருந்தீயில் போனது. எரிந்துபோன கட்டடத்தை நேரில் பார்த்த யாரோ ஒருவர், பார்த்த ஞாபகத்தில் ஒரு கிராமத்துச் சுவரில் விட்டுச்சென்ற நகல் இது.

அதற்கு மேலே சில வரி லத்தீன். முதல் வரி தேதியோடு தொடங்குகிறது, ஆனால் தேதி ஒரு புதிர் மாதிரி இருக்கிறது. ஒரு எம், மூன்று முறை சி, ஐந்து முறை எக்ஸ். எம் என்றால் 1000, சி என்றால் 100, எக்ஸ் என்றால் 10. கூட்டினால் 1350. செய்யுளின் ஓசைக்காக எண்ணை இப்படி உடைத்து எழுதுவது அக்கால வழக்கம். அடுத்து அந்த ஆண்டைப் பற்றி மூன்று சொற்கள்: இரக்கத்துக்குரியது, கொடூரமானது, வெறிபிடித்தது. பிறகு, கொள்ளைநோய்க்குச் சாட்சி சொல்ல மக்களில் கடைகெட்டவர்கள்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்கிறது. கடைசியில் ஒரு பெருங்காற்று. இந்த ஆண்டில் மவுரஸ் உலகெங்கும் இடிமுழங்குகிறான் என்று சொல்லி, 1361 என்று முடிகிறது.

அதே கோயிலில் இன்னொரு கீறலும் உண்டு. ஆயிரத்து முந்நூற்று ஐம்பதில் ஒன்று குறைவாக, அதாவது 1349இல், 'முதல்' கொள்ளைநோய் வந்தது என்கிறது அது. அந்த 'முதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1349இல் நின்றுகொண்டு யாரும் அதை முதல் கொள்ளைநோய் என்று சொல்ல முடியாது. இரண்டாவதைப் பார்த்தவர்தான் முதலாவதை 'முதல்' என்பார். 2020இன் தொடக்கத்தில் நாம் 'முதல் அலை' என்று அதிகம் சொல்லவில்லை. அந்தச் சொல் நமக்கு இரண்டாவது அலையோடுதான் பழகியது.

*

நடந்தது இதுதான். 1348 கோடையில் டார்செட் மாவட்டத்தின் ஒரு துறைமுகம் வழியாகக் கொள்ளைநோய் இங்கிலாந்துக்குள் வந்தது. ஒன்றரை வருடத்தில் நாடு முழுக்கப் பரவி, மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கொன்றது. சாகக் கிடப்பவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போன குருக்கள் வரிசையாகச் செத்தார்கள். 1349 ஜனவரியில் பாத் அண்ட் வெல்ஸ் ஆயர் ஒரு சுற்றறிக்கை விட்டார்: குரு கிடைக்காவிட்டால் சாதாரண மனிதரிடம் பாவத்தைச் சொல்லுங்கள், ஆண் இல்லையென்றால் பெண்ணிடமாவது சொல்லுங்கள். அந்தக் காலத் திருச்சபை இந்த எல்லைக்கு இறங்கி வந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்!

அயர்லாந்தில் ஜான் க்ளின் என்ற துறவி தான் பார்த்ததை எல்லாம் எழுதிவைத்தார். ஆதாமின் வம்சத்தில் யாராவது தப்பிப் பிழைத்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று வெற்றுத் தோல்தாளையும் சேர்த்து விட்டுவைத்தார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், அவர் இறந்துவிட்டதாகத் தெரிகிறது என்று ஒரு குறிப்பு இருக்கிறது.

பிழைத்தவர்களுக்கு அதன்பின் ஒரு வினோதமான காலம். வேலை இருந்தது, ஆள் இல்லை. ஆள் குறைந்தால் கூலி ஏறும். இதைச் சகிக்க முடியாத நாடாளுமன்றம் 1351இல் சட்டம் போட்டது: கூலி கொள்ளைநோய்க்கு முந்தைய அளவைத் தாண்டக் கூடாது. தலைமைக் கல்தச்சருக்கு நாளைக்கு 4 பென்னி, மற்ற கல்தச்சர்களுக்கு 3, அவர்களின் கையாளுக்கு ஒன்றரை. சட்டத்தில் தொழில்வாரியாக ரேட் கார்டே இருந்தது. அப்படியும் கூலி ஏறிக்கொண்டுதான் போனது. அந்த முப்பது வருட எரிச்சல், தலைவரியும் சேர்ந்துகொண்டபோது, 1381இன் குடியானவர் கலகமாக வெடித்தது.

அஷ்வெல் கோயிலின் பெரும்பகுதி எழுந்தது இந்த நூற்றாண்டில்தான். கொள்ளைநோய் வந்ததும் கொத்தனார்கள் செத்துப்போனதால்தான் ஆங்கிலக் கட்டடக்கலை எளிமையாகி, நேர்கோடுகள் நிறைந்த 'பெர்பெண்டிகுலர்' பாணிக்கு மாறியது என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காலம் ஒத்துவராது. அந்தப் பாணி 1330களிலேயே க்ளாஸ்டர் கோயிலில் தொடங்கிவிட்டது. கொள்ளைநோய் பாணியைக் கண்டுபிடிக்கவில்லை. என்னை அசைத்தது வேறொன்று. பாதிப் பேர் செத்த நாட்டில், மிச்சப் பேர் 176 அடிக் கோபுரத்தைக் கட்டி முடித்திருக்கிறார்கள். அடுக்கின் மேல் அடுக்காக அந்தக் கல்லை ஏற்றியவர்களில் இரண்டு கொள்ளைநோயிலும் பிழைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

*

இப்போது அந்த 1361க்கு வருகிறேன். இதில் ஒரு பக் இருக்கிறது.

மவுரஸ் என்பது புனித மவுரஸ். அவருடைய திருநாள் ஜனவரி 15. அன்று மாலை அடித்த புயல் இங்கிலாந்து வரலாற்றில் பெரிய புயல்களில் ஒன்று. நார்விச் கதீட்ரலின் கூர்முனையைச் சாய்த்தது. வட கடலின் மறுகரையில் கடல் உள்ளே புகுந்து ஊர்களை விழுங்கியது. 'பியர்ஸ் ப்ளவ்மன்' என்ற இடைக்கால ஆங்கிலக் காவியத்திலும் இந்தக் காற்று வருகிறது. ஆனால் எந்த வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் புயலின் தேதி 1362 ஜனவரி 15. சுவரில் இருப்பதோ 1361. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டாரா?

இல்லை. அன்றைய இங்கிலாந்தில் புது வருடம் ஜனவரி 1 அன்று பிறக்கவில்லை. மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன நாளான மார்ச் 25 அன்றுதான் ஆண்டு எண் மாறும். நாம் 1362 ஜனவரி என்று சொல்வது அவர்களுக்கு 1361இன் கடைசி மாதங்கள். 1752 வரை இங்கிலாந்தில் இப்படித்தான். டைம்ஸோன் பிரச்சினையில் ராத்திரி ரெண்டு மணிக்கு விழித்திருந்தவன் என்ற முறையில், சுவரின் முன்னால் நின்று இதைக் கணக்குப் போட்டபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. தேதியை மாற்றிவிட்டேன், சிக்கல் தீர்ந்தது.

ரயிலில் திரும்பும்போதுதான் தீரவில்லை என்று தெரிந்தது. இரண்டாம் கொள்ளைநோய் 1361 வசந்தத்தில் தொடங்கியது. முதல் கொள்ளைநோய்க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை அதிகம் கொண்டுபோனதால் அதைக் குழந்தைகளின் சாவு என்றே அக்காலத்தவர் குறித்தார்கள். நம் காலண்டரில் அது ஒரு வருடம், புயல் அடுத்த வருடம். இரண்டு தனித்தனி நிகழ்ச்சிகள். சுவரில் எழுதியவருக்கு அப்படி இல்லை. வசந்தத்தில் பிள்ளைகள் செத்தார்கள், அந்த வருடம் முடிவதற்குள்ளேயே வானம் இடிந்து விழுந்தது. ஒரே வருடம். 'இந்த ஆண்டில்' என்று அவர் எழுதியதன் கனம் அதில்தான் இருக்கிறது. நான் சரிசெய்த தேதியில் அந்தக் கனம் இல்லை.

*

கடைகெட்டவர்கள்தான் மிஞ்சியிருக்கிறார்கள் என்ற அந்த வரியை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. அந்த லத்தீன் சொல்லை 'மிக மோசமான' என்றும் எடுக்கலாம், 'மிகப் பரிதாபமான' என்றும் எடுக்கலாம். எழுதியவருக்கு லத்தீன் தெரிந்திருக்கிறது, கல்லில் கீறப் பொறுமை இருந்திருக்கிறது. குருவாக இருக்கலாம். எப்படி எடுத்தாலும் அவர் தன்னையும் சேர்த்தேதான் சொல்கிறார். சாட்சி சொல்ல மிஞ்சியவர்களில் அவரும் ஒருவர்தானே. நல்லவர்கள் போய்விட்டார்கள், நாங்கள் இருக்கிறோம்.

2021 மே மாதம் என் பெரியப்பா போனார். இந்தியா அப்போது பிரிட்டனின் ரெட் லிஸ்ட்டில் இருந்தது. நான் கேம்பிரிட்ஜில். தம்பி போனைப் பிடித்துக்கொண்டு காட்ட, அரை நிமிடம் பார்த்தேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. அன்று மதியம் எனக்கு ஒரு டெப்லாய்மெண்ட் இருந்தது, அதையும் செய்தேன். அந்த வாரம் முழுக்க எனக்குள் இருந்தது துக்கம் என்று சொன்னால் பொய். வெட்கம் மாதிரி ஒன்று. நம்மைவிட நல்ல மனுஷர் போய்விட்டார், நான் இங்கே ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது மாதிரி. அதற்கு ஒரு சொல் என்னிடம் இருக்கவில்லை. அஷ்வெல் சுவரில் அந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது, அறுநூற்று அறுபது வருடமாக.

என் வேலையில் ஒரு பகுதி, சர்வர் லாக்குகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று தீர்மானிப்பது. முப்பது நாள் என்று வைப்போம். முப்பத்தொன்றாம் நாள் அது தானாக அழிந்துவிடும். யாரும் கேட்கப்போவதில்லை. பெரியப்பா எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் நான் அந்த வருடக் கடைசியில் போன் மாற்றியபோது போய்விட்டன. பேக்கப் போடவில்லை. தொழிலே அதுதான், இருந்தும் போடவில்லை.

அந்தக் கோடையில் ஊருக்குப் போனேன். பெரியம்மா வீட்டுத் திண்ணையை ஒட்டி ஈபி மீட்டர் இருக்கிறது. அதன் பக்கத்துச் சுவரில் பெரியப்பா ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை பென்சிலால் ரீடிங் எழுதிவைப்பார். தேதி, யூனிட், கீழே ஒரு கோடு. கணக்கு எடுக்க வருகிறவர் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று. 2021 ஏப்ரல் வரை அவர் கையெழுத்து. ஜூனிலிருந்து பெரியம்மாவின் கையெழுத்து, கொஞ்சம் பெரிதாக, சாய்வாக. முன்பக்கம் முழுக்கப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். மீட்டரைச் சுற்றி மட்டும் ஒரு சதுரம் பழைய சுவராகவே இருந்தது.

"ஏன் பெரிம்மா இத மட்டும் விட்டுட்டாங்க?" என்று கேட்டேன்.

"நாந்தான் விடச் சொன்னேன். கணக்கு பாக்கணும்ல" என்றார்.

போன் டார்ச்சைப் போட்டு, சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். பென்சிலை அழுத்தித்தான் எழுதியிருந்தார். எண்கள் நன்றாகவே தெரிந்தன.